உணவகங்களுக்கு மதிப்பெண் போட்டு ஒப்பிடுவது எப்படி?

எங்கே சாப்பிடலாம் என்று யார் கேட்டாலும் பதில் சொல்ல வசதியாக, போன உணவகங்களுக்கெல்லாம் மதிப்பெண் எழுதி வைத்திருந்தேன். ஒரு நாள் அதை வரிசைப்படுத்திப் பார்த்தால், எட்டு முறை போய் ஒரு முறையும் ஏமாறாத உணவகம் நான்காவது இடத்தில் கிடந்தது. கடும் பசியில் ஒரே ஒரு முறை போன இடம் முதலிடத்தில் நின்றது. பட்டியலை நம்பி ஒரு நண்பரை அங்கே அழைத்துப் போனேன். இருவருக்குமே பிடிக்கவில்லை. அதன் பிறகு முறையை அடியோடு மாற்றினேன்.

படி 1: அளவுகோல்

பத்துக்குப் போடாதீர்கள். நான் போட்டபோது நல்ல இடமும் சுமாரான இடமும் ஏழிலும் எட்டிலும் குவிந்தன. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. ஐந்து போதும். ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு செயலை எழுதி வையுங்கள். என்னுடையது இது: 1 என்றால் இனி போக மாட்டேன், 2, வேறு வழியில்லை என்றால் போவேன், 3, பக்கத்தில் இருந்தால் போவேன், 4, வழியை விட்டு விலகியும் போவேன், 5, அதற்கென்றே கிளம்பிப் போவேன்.

இந்த யோசனை மிஷ்லின் கையேட்டிலிருந்து வந்தது. டயர் நிறுவனம் வெளியிடும் அந்த உணவகக் கையேடு 1926-இல் நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கியது. 1931-இல் இரண்டு, மூன்று நட்சத்திரங்கள் வந்தன. இரண்டு என்றால் வழி விலகிப் போகத் தகும், மூன்று என்றால் அதற்காகவே பயணம் செய்யத் தகும் என்பது பொருள். ‘எவ்வளவு நன்றாக இருந்தது’ என்ற கேள்விக்கு மனம் தடுமாறும். ‘எவ்வளவு தூரம் போவேன்’ என்று கேட்டால் உடனே பதில் சொல்லும்.

படி 2: நான்கு பத்திகள்

சுவை, பரிமாறல், இடம், கொடுத்த பணத்துக்குத் தகுமா. தனித்தனியாகத்தான் போட வேண்டும். 1979-இல் தொடங்கிய, உணவகங்களில் சாப்பிட்டவர்களிடமே மதிப்பெண் கேட்டுத் தொகுத்த ஸகாட் கருத்துக்கணிப்பும் உணவு, அலங்காரம், சேவை என்று பிரித்தே 30-க்கு மதிப்பெண் கொடுத்தது. பிறகு ஒவ்வொரு மதிப்பெண்ணையும் அதன் முக்கியத்துவத்தைக் காட்டும் எடையால் பெருக்கிக் கூட்டி, எடைகளின் மொத்தத்தால் வகுத்தால் அந்த வருகைக்கான மதிப்பெண் கிடைக்கும். என் எடைகள்: சுவைக்கு 5, பரிமாறலுக்கு 2, இடத்துக்கு 1, பணத்துக்கு 2, மொத்தம் 10. உங்களுக்கு இடம்தான் முக்கியம் என்றால் தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள்.

சுத்தத்தை மட்டும் இந்தக் கூட்டலில் சேர்க்காதீர்கள். சேர்த்தால், நல்ல சுவை அழுக்கு மேசையை ஈடுகட்டிவிடும். என் பட்டியலில் சுத்தம் ஒரு வாசல்: 2 அல்லது அதற்குக் கீழே என்றால் உணவகம் உள்ளேயே வராது.

படி 3: எப்போது எழுதுவது

சுவைக்கான மதிப்பெண்ணைப் பில் வருவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். ஒரு முறை பில்லுக்காக அரை மணி நேரம் காத்திருந்தேன். வீட்டுக்கு வந்து எழுதியபோது சுவைக்கு 2 போட்டேன். தட்டில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டவன் நான்தான்! ஓர் அம்சத்தைப் பற்றிய எண்ணம் மற்ற மதிப்பீடுகளின் மேலும் படிவதை உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-லேயே எழுதியிருக்கிறார். காத்திருந்த எரிச்சல் பரிமாறல் பத்தியோடு நிற்கட்டும்.

இதற்குக் கைபேசிச் செயலிகள் வேண்டாம் என்பது என் கருத்து. சட்டைப்பையில் ஒரு சிறு நோட்டு, வீட்டில் ஒரு விரிதாள். செயலியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது மற்றவர்கள் போட்ட நட்சத்திரம். அதைப் பார்த்த பிறகு நம் மதிப்பெண் நம்முடையதாக இருப்பதில்லை.

படி 4: என்னைத் தடுக்கி விழவைத்த இடம்

சராசரி மட்டும் போதும் என்று நினைத்ததுதான் தவறு. ஒரு முறை போய் 5 போட்டால் சராசரி 5. எட்டு முறை போய் மொத்தம் 35 வாங்கிய உணவகத்தின் சராசரி சுமார் 4.4 தான். ஆனால் அந்த ஒற்றை 5, நல்ல நாளில் போனதால்கூட வந்திருக்கலாம். எட்டு முறை போன இடத்தை எனக்குத் தெரியும்.

தீர்வு எளிது. ஒவ்வோர் உணவகத்துக்கும் மூன்று கற்பனை வருகைகளைச் சேருங்கள். அவற்றுக்கான மதிப்பெண், உங்கள் பட்டியல் முழுவதன் சராசரி. எனக்கு அது 3.6, மூன்றுக்கும் சேர்த்து 10.8. ஒரு முறை போன இடம்: 5-உடன் 10.8 சேர்த்து 4-ஆல் வகுத்தால் 3.95. எட்டு முறை போன இடம்: 35-உடன் 10.8 சேர்த்து 11-ஆல் வகுத்தால் 4.16. வரிசை சரியாகிவிட்டது. புதிய இடம் உண்மையிலேயே நன்றாக இருந்தால், அடுத்தடுத்த வருகைகளில் தானாக மேலே ஏறும். மூன்றுக்குப் பதில் ஐந்து வைத்தால் ஏற்றம் மெதுவாகும். அடிக்கடி வெளியே சாப்பிடாதவர்களுக்கு மூன்றே சரி.

படி 5: ஒப்பிடுதல்

அவசரமாகச் சாப்பிடும் இடத்தையும் நிதானமாக உட்காரும் இடத்தையும் ஒரே வரிசையில் வைக்காதீர்கள். வகைக்கு ஒரு தாள். புதிய இடத்தில் முதல் முறை, எல்லா இடத்திலும் கிடைக்கும் மிக எளிய பதார்த்தத்தைக் கேளுங்கள். எளியதில் குறையை ஒளிக்க முடியாது. இறுதி எண்களில் வேறுபாடு 0.1, 0.2 என்று இருந்தால் அதைப் பொருட்படுத்தாதீர்கள். இரண்டும் ஒரே தூரத்தில் இருந்தால் இன்று எதற்குப் போவேன் என்று கேட்டு முடிவு செய்யுங்கள்.

பின்சேர்க்கை: நண்பர் பில் கட்டிய நாளில் பணப் பத்தியை வெறுமையாக விட்டதால் மொத்தம் சரிந்துவிட்டதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் சொன்னது சரி. விரிதாளில் சராசரி காணும் ஆவரேஜ் சூத்திரம் வெற்றுக் கட்டங்களைத் தவிர்த்துவிடும். எடையால் பெருக்கிக் கூட்டும் சம்ப்ராடக்ட் சூத்திரம் அவற்றைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். சுவை 4, பரிமாறல் 3, இடம் 3 என்றால் கூடுதல் 29. அதை 10-ஆல் வகுத்தால் 2.9, நிரப்பிய பத்திகளின் எடையான 8-ஆல் வகுத்தால் 3.6. எட்டால் வகுப்பதுதான் சரி. என் தாளிலும் ஆறு வரிகளில் இதே பிழை இருந்தது, நேற்று திருத்திவிட்டேன்.