கண்காட்சிப் பலகைகளில் ஓவியங்களை மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுச் சுவரில் படம் மாட்டிப் பழகியவர்கள் கண்காட்சிப் பலகையிலும் அதே முறையைக் கையாள்வதுதான் பெரும்பாலான தவறுகளுக்குத் தொடக்கம். சுவர் அசைவதில்லை. பலகையோ ஒருவர் தோள் பட்டாலும் அதிரும். அதன் மறுபக்கத்தில் வேறொருவர் தம் ஓவியத்தை மாட்டும்போதும் அதிரும். பல ஆண்டுகள் சுவரில் அமைதியாகத் தொங்கிய படம் பலகையில் ஒரே நாளில் நழுவி விழுவது இதனால்தான்.

சட்டத்தின் மேல்விளிம்பில் நடுவில் அடிக்கப்படும், ரம்பப் பற்களைப் போன்ற சிறு தகட்டைப் பலகையில் நம்பவே கூடாது. அந்தப் பல் ஆணியின் தலையில் மிகச் சிறிய அளவே பற்றியிருப்பதால், சட்டம் சற்று மேலே எழும்பினாலே விடுபட்டுவிடும். என் ஓவியம் ஒன்று அப்படித்தான் விழுந்தது. பக்கத்துப் பலகையை யாரோ நகர்த்தினார்கள். அடுத்த நொடி கண்ணாடி உடையும் ஓசை கேட்டது. தாளின் குறுக்கே கண்ணாடிச் சில்லு கீறிய கோட்டை இன்றும் அந்த ஓவியத்தில் பார்க்கலாம். கண்காட்சிகள் பலவற்றின் விதிமுறைகள் இந்தத் தகட்டை ஏற்பதில்லை என்பதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு.

அதற்கு மாற்று, சட்டத்தின் இரு பக்க மரங்களிலும் 'டி' வடிவ வளையங்களைத் திருகி, அவற்றுக்கிடையே முறுக்குக் கம்பி கட்டுவது. இங்கும் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. வீணைத் தந்தியைப்போல் கம்பியை இழுத்துக் கட்டினால்தான் படம் உறுதியாக நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. கொக்கியிலிருந்து இறங்கும் கம்பி கிடைக்கோட்டுடன் 30 பாகைக் கோணத்தில் இருந்தால், 6 கிலோ எடையுள்ள படத்துக்குக் கம்பியின் ஒவ்வொரு பக்கமும் 6 கிலோ அளவு இழுவிசையைத் தாங்கும். கம்பியை இறுக்கி அந்தக் கோணத்தை 10 பாகையாகக் குறைத்துவிட்டால், அதே படத்துக்கு ஒவ்வொரு பக்கமும் 17 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டியிருக்கும். அவ்வளவு விசையும் வளையத்தின் திருகாணிகளை உள்நோக்கி இழுத்துக்கொண்டே இருப்பதால், மெல்லிய சட்டங்களின் மூட்டு விரிசல் விடத் தொடங்கும்.

அதற்காகக் கம்பியை மிகவும் தளர்த்திவிட்டால் கொக்கி சட்டத்துக்கு மேலே எட்டிப் பார்க்கும். ஆகவே, வளையங்களைச் சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம் இறக்கிப் பொருத்துவதை நான் விரும்புகிறேன். 60 சென்டிமீட்டர் உயரச் சட்டத்தில் வளையங்கள் 20 சென்டிமீட்டர் கீழே அமையும். அவற்றுக்கிடையே 40 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால், 30 பாகைக் கோணத்தில் கம்பியின் உச்சி மேல்விளிம்புக்கு ஏறத்தாழ எட்டரை சென்டிமீட்டர் கீழே நிற்கும். வளையங்களை இதைவிடக் கீழே இறக்கினால், படத்தின் தலை முன்னோக்கிச் சாய்ந்துவிடும். அவற்றைப் பின்புற ஹார்டுபோர்டில் திருகுவதும், சட்டத்தின் தடிமனை மீறிய நீளத் திருகாணியைப் பயன்படுத்துவதும் சொல்லத் தேவையில்லாத தவறுகள். ஆனாலும் ஒவ்வொரு கண்காட்சியிலும் இரண்டையும் பார்க்கிறேன்.

கம்பிக்குப் பதிலாக நைலான் நரம்பைக் கட்டுவோர் அது எடையில் மெல்ல நீளும் என்பதையும், அதன் வழுவழுப்பால் முடிச்சு நழுவும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். துணி போர்த்திய பலகையில் இருபக்க ஒட்டுநாடாவும் அப்படித்தான். அரங்கம் சூடேறியதும் பசை இளகிவிடும். கம்பிவலைப் பலகையில் 'எஸ்' கொக்கியை மாட்டுபவர்கள் அதன் மேல் வளைவை வலையோடு கேபிள் டை கொண்டு கட்டிவிட்டால், பலகை அதிரும்போது கொக்கி துள்ளி வெளியேறாது. ஒரு கொக்கிக்குப் பதிலாகச் சற்று இடைவெளி விட்டு இரண்டு கொக்கிகளில் மாட்டினால் படம் ஒருபக்கமாகச் சாய்வதும் பெரிதும் குறையும்.

உயரத்தைக் கண்மதிப்பில் முடிவு செய்வது அடுத்த தவறு. ஓவியத்தின் மையம் தரையிலிருந்து 145 முதல் 155 சென்டிமீட்டர் வரையிலான உயரத்தில் அமைவது நின்று பார்ப்பவர்களுக்கு வசதியானது. மேலே சொன்ன சட்டத்தை 150 சென்டிமீட்டர் மையத்தில் மாட்ட வேண்டுமானால், அதில் சட்டத்தின் பாதி உயரமான 30 சென்டிமீட்டரைக் கூட்டி, கம்பி உச்சியின் இறக்கமான எட்டரையைக் கழிக்க வேண்டும். கொக்கியின் இடம் 171.5 சென்டிமீட்டர். இரண்டு கொக்கிகள் என்றால் உச்சியின் இறக்கம் மாறும் என்பதால், இரண்டு விரல்களை அதே இடைவெளியில் வைத்துக் கம்பியைத் தூக்கி மறுபடி அளந்துகொள்ள வேண்டும்.

ரசமட்டத்தைப் படத்தின்மேல் வைப்பதற்கு முன் பலகையின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். தரை சமமில்லாததால் பலகை சாய்ந்திருக்கும்போது, மிகச் சரியாக மட்டம் பார்த்து மாட்டிய படமும் கோணலாகவே தெரியும். ஏனெனில் பார்ப்பவரின் கண் அதைப் பலகையின் விளிம்போடுதான் ஒப்பிடுகிறது.

எடையுள்ள படங்கள் அனைத்தையும் ஒரே பக்கத்தில் மாட்டுவதும், பலகைகளை நேர்வரிசையில் நிறுத்துவதும் ஆபத்தானவை. பலகைகள் ஒன்றோடொன்று கோணமாக இணைந்து நிற்கும்போதுதான் சாயாமல் இருக்கும். எடையைக் குறைக்கக் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போடலாம்; ஒரே தடிமனில் அதன் எடை கண்ணாடியின் எடையில் பாதிக்கும் குறைவு. ஆனால், உலர்துணியால் துடைத்தால் நிலைமின் ஏற்றம் பெற்று, பாஸ்டல், கரி ஓவியங்களின் தூளைத் தன்பக்கம் இழுத்துவிடும் என்பதால், அந்த வகை ஓவியங்களுக்கு எடை கூடினாலும் கண்ணாடியே நல்லது.

முதல்நாள் மாலை மாட்டி முடித்ததும் பலகையை இலேசாக அசைத்துப் பார்த்து, சாயும் படங்களின் கீழ்மூலைகளில் சிறு ரப்பர்த் துண்டுகளை ஒட்டிவிடுங்கள். இரவுக்குள் கம்பியின் முறுக்குகள் இறுகிப் படங்கள் சில மில்லிமீட்டர் இறங்கியிருக்கக்கூடும் என்பதால், மறுநாள் அரங்கம் திறப்பதற்கு முன் ரசமட்டத்துடன் இன்னொரு சுற்று வர வேண்டியிருக்கும்.