வெளிநாட்டுக்கு அனுப்பும் விலையுயர்ந்த பொதிகளுக்குக் காப்பீடு செய்வது எப்படி?

ஓசூர் சிப்காட்டில் உள்ள ஒரு சிறிய பட்டறையிலிருந்து ஜெர்மனிக்குப் போகும் துல்லிய இயந்திரப் பாகங்களானாலும், தருமபுரியிலிருந்து சிங்கப்பூர் திருமணத்துக்குப் போகும் பட்டுப் புடவைகளானாலும், கிருஷ்ணகிரியில் செதுக்கி லண்டனுக்கு அனுப்பும் கருங்கல் சிலையானாலும், அனுப்புகிறவர் கூரியர் அலுவலகத்தில் கேட்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தான்: கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளில் போய்ச் சேரும். பொதி காணாமல் போனால் யார் எவ்வளவு தருவார்கள் என்பதை யாராவது கேட்டாலும், 'அதெல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும்' என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தப் பதிலை நம்பி யாரும் லட்சக்கணக்கில் மதிப்புள்ள பொருளைக் கையைவிட்டு அனுப்பக் கூடாது என்பதற்காகவே இந்த வழிகாட்டி.

கூரியர் நிறுவனத்தின் பொறுப்பு எடையைப் பொறுத்தது

நாடு விட்டு நாடு வான்வழியாகப் போகும் சரக்குக்கு 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். இந்தியாவும் 2009 முதல் அதில் ஓர் உறுப்பு நாடு. சரக்கு தொலைந்தாலோ சேதமடைந்தாலோ கிலோ ஒன்றுக்கு இவ்வளவுதான் என்று அந்த உடன்படிக்கை ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் அந்த வரம்பு கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். ஆகும், அதற்கு முன் 22 ஆக இருந்தது. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நாணய நிதியம் வகுத்த கணக்கு அலகு. அதன் மதிப்பு நாளுக்கு நாள் சற்றே மாறும். ஒரு எஸ்.டி.ஆரை 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், 12 கிலோ எடையும் நான்கு லட்ச ரூபாய் மதிப்பும் உள்ள பெட்டி முழுவதும் தொலைந்துபோனால் கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தொகை 37,440 ரூபாய். மீதி மூன்று லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட தொகை அனுப்பியவரின் நட்டம். இரும்புத் துண்டுக்கும் தங்க நிறத்தில் மின்னும் பட்டுக்கும் இந்தக் கணக்கில் வேறுபாடு கிடையாது. எடை ஒன்றாயிருந்தால் வரம்பும் ஒன்றுதான்.

இந்த வரம்பை உயர்த்தவும் அதே உடன்படிக்கையில் வழி உண்டு. பொதியை ஒப்படைக்கும்போதே அதன் மதிப்பை எழுத்தில் அறிவித்து, கேட்கப்படும் கூடுதல் கட்டணத்தைச் செலுத்தினால், அறிவித்த தொகை வரை நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். பொதியோடு தரப்படும் வான்வழிச் சரக்குச் சீட்டான ஏர்வே பில்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதில் அருகருகே தனித்தனிக் கட்டங்கள் இருப்பது தெரியும்: ஒன்று போக்குவரத்துக்காக அறிவிக்கும் மதிப்பு, மற்றொன்று சுங்கத்துக்காக அறிவிக்கும் மதிப்பு, இன்னொன்று காப்பீட்டுத் தொகை. முதல் கட்டத்தில் பெரும்பாலும் 'என்.வி.டி.' என்ற மூன்று எழுத்துகள் இருக்கும். மதிப்பு எதுவும் அறிவிக்கப்படவில்லை என்பது அதன் பொருள். சுங்கக் கட்டத்தில் நான்கு லட்சம் என்று தெளிவாக எழுதியிருந்தாலும், முதல் கட்டத்தில் என்.வி.டி. இருக்குமானால் கிலோ கணக்குதான் செல்லும். கையெழுத்திடுவதற்கு முன் அந்தக் கட்டத்தைப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

ஆனால் மதிப்பை அறிவிப்பது காப்பீட்டுக்கு ஈடாகாது. பொருளின் உள்ளார்ந்த குறை, அனுப்பியவர் செய்த குறைபாடான பேக்கிங், போர், அரசு அதிகாரிகளின் நடவடிக்கை ஆகியவற்றால் சேதம் நேர்ந்ததென்று நிரூபித்தால் விமான நிறுவனம் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ளலாம். அஞ்சலில் அனுப்பும் பொதிக்கோ இந்த உடன்படிக்கை அனுப்பியவருக்கு நேரடியாக எந்த உரிமையும் தருவதில்லை. அங்கே அஞ்சல் துறையின் விதிகள்தான் பேசும். வெளிநாட்டு அஞ்சலில் காப்பீட்டு வசதி எல்லா நாடுகளுக்கும் கிடைப்பதில்லை என்பதால், போக வேண்டிய நாட்டுக்கு உண்டா, எந்தத் தொகை வரை என்பதைக் கிருஷ்ணகிரி அல்லது தருமபுரி தலைமை அஞ்சலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கட்ட வேண்டும்.

எந்தப் பாலிசி, எந்த நிபந்தனை

கேட்டுப் பெற வேண்டியது 'மரைன் கார்கோ' பாலிசி. விமானத்திலும் லாரியிலும் போகும் சரக்குக்கும் அதே பெயர்தான். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா உள்ளிட்ட நான்கு பொதுத்துறை நிறுவனங்களும் பல தனியார் நிறுவனங்களும் இதைத் தருகின்றன. எப்போதோ ஒருமுறை அனுப்புகிறவருக்கு ஒரு பயணத்துக்கான தனிப் பாலிசி போதும். மாதந்தோறும் ஏற்றுமதி செய்பவர் திறந்த பாலிசி எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பொதியையும் புறப்படுவதற்கு முன் அறிவித்து வருவதே வசதி. எதுவானாலும் ஒன்றை மறக்கக் கூடாது: பிரீமியம் கைக்கு வராமல் எந்தக் காப்பீட்டு நிறுவனமும் பொறுப்பேற்க முடியாது என்று இந்தியக் காப்பீட்டுச் சட்டத்தின் 64 வி.பி. பிரிவு சொல்கிறது. பொதி பெங்களூரு விமான நிலையத்தைத் தாண்டிய பிறகு பணம் அனுப்பி, 'நேற்றைய தேதியில் போட்டுக்கொடுங்கள்' என்று கேட்பது பயன் தராது.

கடல்வழிச் சரக்குக்கான 'இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாசஸ்' என்ற நிபந்தனைத் தொகுப்பில் ஏ, பி, சி என்று மூன்று வகை உண்டு. விலக்கப்பட்டவை தவிர மற்ற எல்லா இடர்களுக்கும் ஏ வகை பொருந்தும். சி வகை தீ, கப்பல் மூழ்குதல், வண்டி கவிழ்தல், மோதல் போன்ற பெரிய விபத்துகளோடு நின்றுவிடும். திருட்டு அதில் அடங்காது. விலையுயர்ந்த பொதிக்குத் திருட்டுதான் முதன்மையான அச்சம் என்பதால், பிரீமியம் குறைகிறதே என்று சி வகையை எடுப்பது வீண். விமானத்தில் போவதற்கு வான்வழிக்கென்றே தனி நிபந்தனைத் தொகுப்பு உள்ளது. அதன் தலைப்பிலேயே அஞ்சல்வழி அனுப்புபவை நீங்கலாக என்று குறிப்பிட்டிருப்பதால், அஞ்சலில் அனுப்புகிறவர் அதை முன்கூட்டியே சொல்லிப் பொருத்தமான நிபந்தனையைப் பாலிசியில் எழுதி வாங்க வேண்டும். போர், வேலைநிறுத்தம் ஆகியவற்றுக்கான நிபந்தனைகளைத் தனியே சேர்க்க வேண்டும்.

வாங்குபவரும் காப்பீடு செய்யலாம், விற்பவரும் செய்யலாம். யார் செய்ய வேண்டும் என்பதை விற்பனை ஒப்பந்தத்தின் இன்கோடெர்ம், அதாவது செலவையும் இடரையும் யார் ஏற்பது என்பதைச் சொல்லும் பன்னாட்டு வணிகக் குறியீடு, முடிவு செய்கிறது. 2020ஆம் ஆண்டுப் பதிப்பின்படி சி.ஐ.பி. (போக்குவரத்தும் காப்பீடும் விற்பவர் செலவில்) என்று ஒப்புக்கொண்டால் விற்பவர் ஏ வகை அளவுக்கும், கடல்வழிக்கான சி.ஐ.எஃப். என்றால் குறைந்தபட்சம் சி வகை அளவுக்கும், ஒப்பந்த மதிப்பில் 110 விழுக்காட்டுக்குக் காப்பீடு எடுத்துத் தர வேண்டும். விற்பவரே சேருமிடம் வரை கொண்டு சேர்க்கும் டி.ஏ.பி., டி.டி.பி. ஆகியவற்றில் காப்பீடு கட்டாயமில்லை. ஆனால் சேருமிடம் வரை இடர் விற்பவருடையது என்பதால், எடுக்காமல் விட்டால் நட்டமும் அவருடையதே. கப்பலில் ஏற்றும் வரை மட்டும் விற்பவர் பொறுப்பேற்கும் எஃப்.ஓ.பி. முறையில் விற்பவர்களுக்கு நம் மாவட்டங்களில் அடிக்கடி ஒரு பொறி காத்திருக்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர் காப்பீடு எடுத்திருக்கிறார் என்ற நிம்மதியில் இருப்பார்கள். அந்தக் காப்பீடு துறைமுகத்தில்தான் தொடங்கும். தருமபுரியில் லாரி ஏற்றி, விபத்துகளுக்குப் பேர்போன தொப்பூர் கணவாயைக் கடந்து தூத்துக்குடி சேரும் வரை அந்தச் சரக்குக்கு யாருடைய பாலிசியும் இல்லை. ஆகவே நமது கிடங்கின் வாசலில் தொடங்கும் பாலிசியைக் கேளுங்கள். அது முடியாதபோது உள்நாட்டுப் பயணத்துக்கு மட்டுமாவது தனியே எடுத்துக்கொள்ளுங்கள்.

தொகையை நிர்ணயிப்பது

வழக்கமான கணக்கு, இன்வாய்ஸ் மதிப்போடு அனுப்பும் கட்டணத்தைக் கூட்டி, அதற்கு மேல் பத்து விழுக்காடு சேர்ப்பது. நான்கு லட்ச ரூபாய்ப் பொருளுக்கு 18,000 ரூபாய் அனுப்பும் செலவு என்றால் 4,18,000. பத்து விழுக்காடு சேர்த்தால் 4,59,800. சேருமிடத்துச் சுங்க வரியை நாமே கட்டுவதாக இருந்தால் அதையும் தனியாகக் குறிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். 800 டாலர் வரையிலான பொதிகளுக்கு இருந்து வந்த வரிவிலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்திவிட்டதால், அந்நாட்டுக்குச் சிறு பொதிகள் அனுப்புகிறவர்களும் இதைக் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது.

குறைத்துக் காப்பீடு செய்தால், குறைந்த பகுதிக்கு நாமே காப்பீட்டாளர் என்றுதான் 1963ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் கருதுகிறது. நான்கு லட்ச மதிப்புள்ள பொருளை இரண்டு லட்சத்துக்குக் காப்பீடு செய்திருக்கும்போது ஒரு லட்சத்துக்குச் சேதம் ஏற்பட்டால், கிடைப்பது ஐம்பதாயிரம். 'வரி குறையும், இன்வாய்ஸில் கம்மியாகப் போடுங்கள்' என்று வெளிநாட்டிலிருந்து வாடிக்கையாளரோ உறவினரோ கேட்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். அப்படிப் போடுவது சுங்கச் சட்டப்படி குற்றம்; அதோடு, கிளெய்ம் கேட்கும் நாளில் நம் கையெழுத்திட்ட அந்த இன்வாய்ஸே நமக்கு எதிரான சாட்சி.

பழுது பார்க்க ஜப்பானுக்கோ ஜெர்மனிக்கோ அனுப்பும் ஸ்பிண்டில் (இயந்திரத்தின் சுழலச்சு) போன்ற பயன்படுத்திய பொருளுக்குப் புதிய பொருளின் விலையைப் போட இயலாது. சார்ட்டர்ட் எஞ்சினியரிடம் மதிப்புச் சான்றிதழ் வாங்கிவைத்து, போவதற்கும் திரும்புவதற்கும் சேர்த்துப் பாலிசி எடுங்கள்.

பேக்கிங்கும் படங்களும்

கிளெய்ம் மறுக்கப்படுவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் போதாத பேக்கிங் முக்கியமானது; அது ஏ வகையிலும் விலக்கப்பட்ட ஒன்றுதான். இயந்திரத்தில் கடைந்த பாகங்களைத் துரு பிடிக்காமல் காக்கும் வி.சி.ஐ. தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி, சிலிக்கா ஜெல் வைத்து, வெட்டிய நுரைப் படுகையில் அசையாமல் பொருத்த வேண்டும். மூடிய பெட்டியை இரு கைகளாலும் தூக்கிக் குலுக்கும்போது உள்ளே சிறு ஓசை கேட்டாலும் பிரித்து மறுபடி கட்டுவதே சரி. கல் சிலைக்கு மரப்பெட்டி தேவைப்படும். பெரும்பாலான நாடுகள் அந்த மரத்தை வெப்பத்தில் பக்குவப்படுத்தி மரப் பூச்சிகள் பரவாமல் தடுக்கும் பன்னாட்டு விதியான ஐ.எஸ்.பி.எம். 15-இன் முத்திரை குத்தியிருக்க வேண்டும் என்கின்றன. முத்திரை இல்லாத பெட்டி சுங்கத்தில் தடுக்கப்பட்டால் அந்தச் செலவைக் காப்பீடு தராது.

பொருளின் வரிசை எண் தெரியும்படி ஒரு படம், பேக்கிங்கின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம், ஒட்டிய டேப்பும் லேபிளும் தெரியும்படி ஒரு படம், கடைசியாகப் பெட்டி எடைமேடையில் இருக்க எண்கள் தெளிவாகத் தெரியும் ஒரு படம் என எடுத்து வையுங்கள். இந்தக் கடைசிப் படத்தை நான் மிகவும் வற்புறுத்துவேன். பெட்டி வெளியே கீறலின்றிப் போய்ச் சேர்ந்து, உள்ளே பொருள் குறைந்திருந்தால், அனுப்பிய எடைக்கும் சேர்ந்த எடைக்கும் உள்ள வேறுபாடே வழியில் திருடப்பட்டதற்கான வலுவான சான்று.

காப்பீட்டுக்குள் வராதவை

தாமதத்தால் வரும் நட்டத்துக்கு இழப்பீடு இல்லை. காதலர் தினத்துக்குப் போகும் ஓசூர் ரோஜா ஒரு நாள் பிந்திப் போய்ச் சந்தையை இழந்தால், எந்த வகைப் பாலிசியும் கைகொடுக்காது. தங்க நகை, நாணயம், கரன்சி ஆகியவற்றைப் பல கூரியர் நிறுவனங்கள் ஏற்பதே இல்லை. ஒளித்து அனுப்பினால் இழப்பீடு கேட்கும் உரிமையும் போய்விடும். இறங்கிய இடத்தில் வாங்குபவர் சரக்கை எடுக்காமல் கிடக்கவிட்டால், வான்வழி நிபந்தனைப்படி விமானத்திலிருந்து இறக்கிய 30 நாட்களில் காப்பீடு முடிந்துவிடும். நீட்டிக்க வேண்டுமானால் அதற்குள் கேட்க வேண்டும். சட்டத்துக்குப் புறம்பான பயணத்துக்குக் காப்பீடு செல்லாது. நடுகற்கள் நிறைந்த மாவட்டங்கள் நம்முடையவை என்பதால் இதையும் சொல்ல வேண்டும்: நூறாண்டு பழைமையான சிற்பத்தைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொன்மைப் பொருட்கள், கலைக் கருவூலங்கள் சட்டம் இடம் தருவதில்லை. புதிதாகச் செதுக்கிய சிலையை அனுப்புகிறவர், அது தொன்மைப் பொருள் இல்லை என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்னதாகவே பெற்றுக்கொள்வது நல்லது.

சேதம் தெரிந்ததும்

பெறுகிறவரிடம் பொதி புறப்படும் நாளிலேயே சொல்லி வைக்க வேண்டியது இது: பெட்டி நசுங்கியோ, டேப் மாற்றி ஒட்டப்பட்டோ இருந்தால் டெலிவரி சீட்டில் அதை எழுதிய பிறகே கையெழுத்திட வேண்டும். குறிப்பின்றி வாங்கிக்கொண்டால் பொதி நல்ல நிலையில் சேர்ந்ததாகவே கருதப்படும். அட்டை, நுரை, லேபிள் எதையும் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்கும் வரை எறியக் கூடாது. காப்பீட்டுச் சான்றிதழில் அந்நாட்டு சர்வே ஏஜென்ட்டின் பெயர் இருக்கும்; அவருக்கும் நமது காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றே தகவல் போக வேண்டும்.

அதே நாளில் கூரியர் நிறுவனத்துக்கும் எழுத்தில் முறையிட வேண்டும். மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு, பொதியைப் பெற்றதிலிருந்து 14 நாட்கள்தான் கெடு. நிறுவனத்தின் சொந்த நிபந்தனைகளையும் படித்து, எது முன்னதோ அதற்குள் எழுதுவது பாதுகாப்பு. காப்பீடு இருக்கிறதே என்று இதை விட்டுவிடுகிறார்கள். நமக்கு இழப்பீடு தந்த பிறகு அந்தத் தொகையைக் கூரியரிடம் வசூலிக்கும் உரிமை காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகிறது. அந்த உரிமையைக் கெடுக்காமல் காப்பது நம் கடமை என்பதால், முறையிடத் தவறினால் நமது கிளெய்மையும் குறைத்துவிடலாம். பாலிசி, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஏர்வே பில், சர்வே அறிக்கை, கூரியருக்கு எழுதிய கடிதம், அவர்கள் பதில், படங்கள் ஆகியவற்றோடு கிளெய்ம் தொகையைக் கணக்கிட்டுக் கொடுங்கள்.

மறுப்பு வந்தால் அதை எழுத்தில் வாங்குங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, தனிநபர்களும் தனி உரிமையாளர் தொழில் நடத்துவோரும் குறுந்தொழில் நிறுவனங்களும் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் அந்த மனு போய்ச் சேர வேண்டும். விமான நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுக்க, பொதி சேர்ந்த அல்லது சேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் உண்டு.