காலேஜ் நெட்வொர்க்கில் கேமரா, பயோமெட்ரிக் மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக வருகிறவர்களைக் கவனித்தால், நாங்கள் அடித்த அதே கூத்து திரும்ப நடக்கிறது. பாஸ்வேர்டை மாற்று, ஃபர்ம்வேரைப் புதுப்பி என்பதெல்லாம் தெரிந்த கதை, விட்டுவிடுகிறேன்.

"ஒரு போர்ட் மட்டும் ஓப்பன் பண்ணிக் கொடுங்க சார்"

இதைக் கேட்டால் இப்போதும் எனக்கு எரிச்சல் வரும். சிசிடிவி மாட்ட வந்தவர் கிளம்பும் நேரத்தில், கரஸ்பாண்டென்ட் வீட்டிலிருந்தே மொபைலில் பார்க்கணுமாம் என்பார். பெரிய இடத்துப் பேச்சு, மறுக்க வாய் வராது. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டாகிவிடும், அதாவது இணையத்திலிருந்து நேராகக் கேமரா பெட்டிக்குள் வர ஒரு வழி திறந்தாகிவிடும். அன்று மாலையே கரஸ்பாண்டென்ட் கேன்டீன் வாசலைப் பார்த்து மகிழ்வார்.

கேமரா படங்களைப் பதிவுசெய்யும் டிவிஆர் என்பது பெரும்பாலும் ஒரு சின்ன லினக்ஸ் கம்ப்யூட்டர்தான். திறந்த போர்ட்டைத் தேடியே இணையத்தில் ஸ்கேனர்கள் சுற்றுகின்றன. 2016இல் மிராய் என்ற மால்வேர் (கெடுதல் மென்பொருள்) பரவியது டெல்நெட் (தூரத்திலிருந்து கட்டளை கொடுக்கும் பழைய வழி) திறந்து கிடந்த கேமராக்களிலும் டிவிஆர்களிலும்; சுமார் 60 டீஃபால்ட் பாஸ்வேர்டுகளே அதற்குப் போதுமாக இருந்தன. அதை எழுதியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மாணவர். தன் பல்கலைக்கழக நெட்வொர்க்கையே தாக்கியதாகப் பின்னர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் ஆன்லைன் தேர்வு நடக்கும்போது ஒரு பக்கமும் திறக்கவில்லை. எல்லாரும் இணைய நிறுவனத்தைத் திட்டினார்கள். கிராஃபைப் பார்த்தால் டவுன்லோடு சாதாரணம், அப்லோடு மட்டும் உச்சியில். ஃபயர்வாலின் செஷன் பட்டியலில் பக்கம் பக்கமாக ஒரே ஐபி: கேட் பக்கத்து டிவிஆர். கேமரா ஆளுக்கு போன் போட்டால், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார், சரியாகிடும்" என்றார். சரியாகத்தான் ஆனது, சில நிமிடங்களுக்கு. இந்த வகை மால்வேர் பெரும்பாலும் மெமரியில் மட்டுமே இருக்கும். ரீபூட் செய்தால் போய்விடும், போர்ட் அப்படியே திறந்திருந்தால் திரும்பி வந்துவிடும்.

வெளியிலிருந்து பார்த்தே ஆகவேண்டும் என்பவருக்கு விபிஎன் (லாகின் செய்து உள்ளே வரும் பாதுகாப்பான வழி) போட்டுக் கொடுங்கள். கூடுதலாக ஒருமுறை தட்டவேண்டியிருக்கிறது என்று முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். ரவுட்டரிலுள்ள யுபிஎன்பி வசதியையும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் சில டிவிஆர்கள் யாரையும் கேட்காமல் தாங்களே போர்ட் திறந்துகொள்ளும்.

விலேன் (ஒரே நெட்வொர்க்குக்குள் தனித்தனிப் பிரிவு) பிரித்தாச்சு என்று நிம்மதியாக உட்காருவது

அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வெரைசன் 2017இல் வெளியிட்ட ஒரு அறிக்கையில் பெயர் சொல்லாத ஒரு பல்கலைக்கழகத்தின் கதை வருகிறது. விளக்குகள், வெண்டிங் மெஷின்கள் என 5,000க்கும் மேற்பட்ட சாதனங்கள் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நூற்றுக்கணக்கில் டிஎன்எஸ் கேள்வி (இந்த இணையப் பெயருக்கு ஐபி முகவரி என்ன என்று) கேட்டன, அதிலும் பல கடல் உணவு தொடர்பான பெயர்கள்! சாதனங்களைத் தனியாகத்தான் வைத்திருந்தார்களாம், ஆனால் அவை கேள்வி கேட்டது மற்றவர்களும் பயன்படுத்திய டிஎன்எஸ் சர்வரிடம். வளாகம் முழுக்க இணையம் நொண்டியது. எதை எங்கே அனுமதிக்கிறோம் என்ற விதிகளை எழுதாமல் விலேன் மட்டும் பிரித்து என்ன பயன்?

விடுதி மாணவரின் ரவுட்டர்

சுவர் கேபிளை, இணையம் உள்ளே வரும் வேன் (WAN) போர்ட்டுக்குப் பதில் மற்ற சாதனங்களுக்கான லேன் (LAN) போர்ட்டில் குத்தியிருப்பார். அந்த ரவுட்டர் தன் பங்குக்கு எல்லாருக்கும் ஐபி வழங்க ஆரம்பிக்கும். அந்த மாடி முழுக்க நெட் போய்விடும், வார்டன் போன் செய்வார். அனுமதி இல்லாத பெட்டி ஐபி வழங்குவதைத் தடுக்க, சுவிட்சில் டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கைப் போடுங்கள்.

யார் வாங்கிய சாதனம் என்று எழுதிவைக்காதது

எழுதிவையுங்கள்.

நேரத்தை மறப்பது

பயோமெட்ரிக் மெஷினுக்கு இணையத்தை வெட்டினால், உள்ளேயே சரியான நேரம் சொல்லும் ஒரு என்டிபி சர்வர் வையுங்கள். கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடினால் சரியான நேரத்துக்கு வந்த பேராசிரியருக்கும் லேட் விழும். சண்டைக்கு அவர் ஹெச்ஆரிடம் போகமாட்டார், நேராக சர்வர் ரூமுக்கு வருவார்.