மெல்பர்னுக்குச் சம்பலும் முறுக்கும்: கேஎல்ஐஏ பெட்டி கட்டும் முறை

மலேசியாவிலிருந்து, கோலாலம்பூர் விமான நிலையம் (கேஎல்ஐஏ) வழியாக, ஆஸ்திரேலியாவில் படிக்கும் பிள்ளைக்குப் பெட்டி கட்டுகிறீர்களா? அடுப்பு பற்றவைக்கும் முன்பே பட்டியல் போடுங்கள்.

1. கழித்துக்கட்டுங்கள்

சிக்கன் சுருண்டிங் (மசாலா போட்டு வறுத்த இறைச்சித் துருவல்), உப்பு முட்டை, பால்கோவா, பேடா, பழங்கள் எதுவும் வேண்டாம், ஆஸ்திரேலிய அதிகாரிகள் உள்ளே விடமாட்டார்கள். இறைச்சிக்கும் பாலுக்கும் இவ்வளவு கெடுபிடி கோமாரி போன்ற விலங்கு நோய்களுக்குப் பயந்துதான். கடலுணவு ஆளுக்கு 5 கிலோவரை போகும். நெத்திலி வாங்கும்போது பசாரில் (சந்தையில்) ‘கோப்பேக்’ என்று கேளுங்கள். தலையும் குடலும் நீக்கித் தருவார்கள்.

2. கறிவேப்பிலை

எல்லாரும் இடறுவது இங்கேதான். சிட்ரஸ் பச்சையாதல் என்ற நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலைச் செடியிலும் வாழும். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களை அழிக்கும் நோய் அது. பச்சை இலை கூடாது என்பது பலருக்குத் தெரியும். மிக்சரில் பொரித்துப் போட்ட இலையும், பருப்புப்பொடியில் திரித்த இலையும்தான் நினைவுக்கு வராது. அனுப்பும் பங்கை மட்டும் கறிவேப்பிலை இல்லாமல் தனியாகச் செய்யுங்கள். அங்கே மெல்பர்னின் டாண்டெனாங் பகுதி இந்தியக் கடைகளில் இலை கிடைக்கும்.

தனியா, வெந்தயம் முழுதாக வேண்டாம். முளைக்கும் விதை என்றால் கேள்வி வரும். திரித்தே கொடுங்கள். கடையில் வாங்கிய மசாலா பாக்கெட் இன்னும் நல்லது. உள்ளே என்ன இருக்கிறது என்று மேலேயே அச்சடித்திருக்கும்.

3. கட்டுவது

சம்பலை (மிளகாய் விழுதை) எண்ணெய் பிரியும்வரை வதக்கி, முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்துச் சொட்டும், சீக்கிரம் பூசணம் பிடிக்கும். திருகுமூடி பிளாஸ்டிக் போத்தலின் வாயில் கிளிங் ஃபிலிம் இழுத்துக் கட்டி, அதன்மேல் மூடியைத் திருகி, இரண்டு சிப் பைகளுக்குள் போடுங்கள். கைப்பையில் வைக்காதீர்கள்: சம்பலும் ஊறுகாயும் திரவங்களுக்கான 100 மில்லி வரம்பில்தான் சேரும்.

வேக்குவம் பை பொடிக்குச் சரி, முறுக்குக்கு எமன். முறுக்கைப் பழைய மைலோ டின்னில் அடைக்கும் வழக்கத்தையும் விடுங்கள். வெளியே பால் சேர்ந்த சாக்லேட் மால்ட் பானத்தின் பெயர், உள்ளே முறுக்கு. அதிகாரி திறக்காமல் என்ன செய்வார்? உள்ளே இருப்பது தெரியும் டப்பாவே போதும், மேலே ஆங்கிலத்தில் பொருள் பட்டியலை ஒட்டிவிடுங்கள். உணவு முழுவதும் ஒரே பெட்டியில், மேலாக.

4. பயணி அட்டை

ஆஸ்திரேலியாவில் நுழையும்போது நிரப்பித் தரும் அட்டை இது. அதில் உணவு பற்றிய கேள்விகளுக்கு ‘யெஸ்’ போடுங்கள், ஒரே ஒரு பாக்கெட் பிஸ்கட் என்றாலும். அறிவித்த பொருள் ஆகாது என்றால் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். மறைத்தால்தான் அபராதம். 2022இல் டார்வின் விமான நிலையத்தில், பாலியிலிருந்து வந்த ஒருவர் பையில் அறிவிக்காத காலை உணவு பிடிபட்டது: முட்டை, மாட்டிறைச்சி வைத்த இரண்டு பன், ஒரு குரொசாந்த். அபராதம் 2,664 ஆஸ்திரேலிய டாலர்.

பின்சேர்ப்பு: விமானத்தில் கொடுத்த சாப்பாட்டில் மிச்சம் வைத்த ஆப்பிளும் இந்தக் கணக்கில் வரும். இறங்கும் முன் சாப்பிட்டுவிடுங்கள், அல்லது இருக்கையிலேயே விட்டுவிடுங்கள்.