பிராலின்: ஒரே கேரமலில் துண்டு, பொடி, விழுது

வறுத்த பருப்பைக் கேரமலில், அதாவது பழுப்பாகும்வரை உருக்கிய சர்க்கரைப் பாகில், கலந்து இறுக விடுவதுதான் பிராலின். பாதாமோ ஹேசல்நட்டோ, எதுவானாலும் சரி, முதலில் நன்றாக வறுத்துவிடுங்கள். 150 டிகிரி ஓவனில் 12 முதல் 15 நிமிடம் போதும். ஒரு பருப்பை வெட்டிப் பார்த்தால் உள்பக்கமும் இளம்பழுப்பாக இருக்க வேண்டும், பச்சை வாசனை மிச்சமிருந்தால் எவ்வளவு நல்ல கேரமல் ஊற்றினாலும் அது போகாது. ஹேசல்நட் என்றால் சூட்டோடு ஒரு துணியில் போட்டுத் தேய்த்துத் தோலை எடுத்துவிடுங்கள், கசப்பு அதில்தான் இருக்கிறது.

பருப்பும் சர்க்கரையும் சம எடை, தலா 200 கிராம். இனிப்பு குறைவாக வேண்டுமென்றால் பருப்பு 240, சர்க்கரை 160.

அடி கனமான, உள்பக்கம் வெளிர் நிறமாக இருக்கும் பாத்திரம் எடுங்கள், கறுப்புப் பாத்திரத்தில் பாகின் நிறம் தெரியாது. மிதமான தீயில் சர்க்கரையைக் கொஞ்சம் போட்டு, அது உருகியதும் அடுத்த பிடி, அது உருகியதும் அடுத்தது. தண்ணீர் வேண்டாம். எல்லாம் உருகியதும் பக்கத்திலிருந்து நகராதீர்கள். 170 டிகிரியில் தேன் நிறத்தில் இருப்பது சீக்கிரமே சிவந்த பழுப்பாகும், குமிழிகள் சிறுத்து நுரைக்கும், மெல்லிய புகை ஒன்று கிளம்பும். அந்த நொடியில் அடுப்பை அணையுங்கள். வெளிர் நிறத்திலேயே நிறுத்தினால் வெறும் இனிப்புதான், லேசான கசப்பு ஏறினால்தான் பருப்பின் ருசி எடுபடும். ஒரு சிட்டிகை உப்பு, சூடான பருப்பு சேர்த்துக் கிளறி பட்டர் பேப்பரில் பரப்புங்கள். பருப்பு ஆறியிருந்தால் பாகு கிளறும்போதே இறுகிவிடும். இந்தப் பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும், கைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறியதும் கையால் உடைத்தால் ஐஸ்கிரீம் மேல் போடத் துண்டு தயார். மிக்ஸியில் விட்டு விட்டு அடித்தால் பொடி, இதை அடித்த கிரீமில் கலக்கலாம், கேக் ஓரத்தில் ஒட்டலாம். நிறுத்தாமல் ஓட்டினால் பொடி கட்டிகட்டியாகும், ஓரத்தில் ஏறி ஒட்டும். இங்கேதான் பலர் பயந்து தண்ணீர் விடுகிறார்கள், விடவே கூடாது, விட்டால் கெட்டித்துப்போகும். ஓரத்தை வழித்துவிட்டு, மிக்ஸி சூடானால் கொஞ்சம் நிறுத்தி மறுபடி ஓட்டுங்கள், பருப்பிலிருக்கும் எண்ணெய் வெளிவந்து தானாகவே ஓடும் விழுதாகிவிடும்.

எனக்குப் பிடித்தது இந்த விழுதுதான். பேஸ்ட்ரி கிரீமும் (பால், முட்டை, சர்க்கரை காய்ச்சிய கெட்டிக் கிரீம்) வெண்ணெயும் சேர்த்து அடித்தால் பாரிஸ்-பிரெஸ்ட்டின் உள்ளே வைக்கும் கிரீம்: பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் சைக்கிள் பந்தயத்துக்காக 1910-இல் லூயி டுராண்ட் சக்கர வடிவில் செய்த பலகாரம் அது. இதே விழுதில் உருக்கிய சாக்லேட்டும் நொறுக்கிய மெல்லிய வேஃபரும் கலந்து பரப்பி ஃப்ரிட்ஜில் வைத்தால், மூஸ் என்ற நுரைபோன்ற இனிப்புக்கு அடியில் மொறுமொறுவென்று ஒரு அடுக்கு கிடைக்கும்.

ஒன்று மட்டும், கேரமல் ஈரத்தை இழுக்கும். கிரீமில் கிடந்தால் துண்டுகள் சில மணி நேரத்தில் கரைந்து இளகிவிடும், அதனால் பரிமாறும் நேரத்தில் தூவுங்கள், இல்லையென்றால் உருக்கிய சாக்லேட்டில் புரட்டி உறைய விட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். துண்டையும் பொடியையும் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள், ஃப்ரிட்ஜ் வேண்டாம். விழுதில் எண்ணெய் மேலே மிதந்தால் கலக்கிக்கொண்டால் போதும்.