பழைய எம்எக்ஸ்-5 வச்சிருக்கீங்களா? இன்ஜின அப்புறம் பாக்கலாம், மொதல்ல தண்ணி எங்க போகுதுன்னு பாருங்க

நான் சொல்றது மஸ்டா எம்எக்ஸ்-5 மொத மாடல், ஹெட்லைட் மேல எந்திரிச்சு வருமே அது. 1989ல வந்து 1997 வரைக்கும் வித்தாங்க. இங்க யூகேல இப்ப ஓடுறதுல நிறைய வண்டி ஜப்பான்ல இருந்து எறக்குன யூனோஸ் ரோட்ஸ்டர் (இதே வண்டிக்கு ஜப்பான்ல இருந்த பேரு) தான். வாங்குன கையோட எக்ஸாஸ்ட் மாத்தலாமா டர்போ போடலாமான்னு ஆளாளுக்கு கெளம்பிடுறாங்க, ஆனா இந்த வண்டி இன்ஜின்னால ஸ்கிராப்புக்கு போறது கம்மி, துருவால போறது தான் ஜாஸ்தி.

சாஃப்ட் டாப் (மடக்குற துணிக் கூரை) மேல விழுற மழைத்தண்ணி பின்னாடி ஒரு பிளாஸ்டிக் வாய்க்கால்ல சேர்ந்து, ரெண்டு பக்கமும் சீட் பெல்ட் பக்கத்துல இருக்குற டியூப் வழியா எறங்கி, பின் சக்கரத்துக்கு முன்னாடி கீழ வந்து விழணும். அந்த டியூப்ல இலை, தூசி, பாசி அடைச்சுக்கிட்டா தண்ணி உள்ள வழிஞ்சு கார்பெட்டு நனையும், சில் (கதவுக்கு அடியில நீளமா ஓடுற இரும்புப் பகுதி) உள்ள தேங்கும், வெளிய பெயின்ட் பளபளன்னு இருக்கும்போதே உள்ள இருந்து அரிச்சுட்டு வரும். செக் பண்றது சுலபம், டாப்ப பாதி தூக்கிட்டு பாட்டில்ல தண்ணி எடுத்து மெதுவா ஓட்டைல ஊத்துங்க, உடனே கீழ வந்தா ஓகே. வரலைன்னா புல்லு வெட்டுற மெஷின்ல போடுற தடிமனான நைலான் கயிறு இருக்குல்ல, அத விட்டு மெதுவா குத்துங்க. இரும்பு கம்பிய விடாதீங்க, டியூப் கிழிஞ்சா இருந்ததும் போச்சு. வருஷத்துக்கு ரெண்டு தடவ, இலையுதிர்காலம் முடிஞ்சதும் ஒண்ணு கட்டாயம்.

அப்டியே குனிஞ்சு பின் சக்கரத்துக்கு முன்னாடி சில்லோட அடிப்பக்கத்த ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டிப் பாருங்க. கணீர்னு கேட்டா நல்லது. மொறுமொறுன்னு சத்தம் வந்தாலோ, பழைய வண்டில அந்த எடத்துல மட்டும் புதுசா கருப்பு அண்டர்சீல் அடிச்சிருந்தாலோ சந்தேகப்படுங்க. அது சீட் பெல்ட் மாட்டுற எடத்துக்கு பக்கம், அங்க ஓட்டைன்னா எம்ஓடில (யூகேல வருஷா வருஷம் நடக்குற வண்டி சோதனை) ஃபெயில், வெல்டிங் பண்ணித் தான் ஆகணும், மேல ஃபில்லர் பூசி மூடுனதெல்லாம் செல்லாது. ஜாக்கி போடும்போதும் சில்லோட விளிம்பு மடங்காம பாத்துக்கோங்க, ட்ராலி ஜாக்னா முன்னாடி சப்ஃப்ரேம் கிராஸ்மெம்பர்லயும் பின்னாடி டிஃப் (டிஃபரன்ஷியல்) அடியிலயும் குடுக்குறது தான் சரி.

அடுத்தது ஆயில் லீக். கியர்பாக்ஸும் இன்ஜினும் சேர்ற எடத்துல சொட்டுதுன்னு கராஜ்ல காட்டுனா "ரியர் மெயின் சீல் (கிராங்க் ஷாஃப்டோட பின்பக்க ஆயில் சீல்) போச்சு, கியர்பாக்ஸ எறக்கணும்"னு சொல்லிடுவாங்க, பில்லும் அதுக்கேத்த மாதிரி தான் வரும். சரின்னு தலையாட்டுறதுக்கு முன்னாடி இன்ஜின் ஹெட்டுக்கு பின்பக்கம், ஃபயர்வால (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்குற தடுப்பு) ஒட்டி, கேம் ஆங்கிள் சென்சார்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு அடியில கைய விட்டு டிஷ்யூ பேப்பரால தொடச்சுப் பாருங்க. ஆயில் ஒட்டுச்சுன்னா குற்றவாளி பெரும்பாலும் அதுல இருக்குற சின்ன ஓ-ரிங் தான், முப்பது வருஷத்துல பிளாஸ்டிக் மாதிரி இறுகிப் போயிருக்கும். வாங்குனா சில்லறை காசு. கழட்டுறதுக்கு முன்னாடி சென்சார் எந்த நெலையில இருக்குன்னு சென்சார்லயும் ஹெட்லயும் சேத்து ஒரு கோடு போட்டுக்கோங்க, ஏன்னா அத திருப்பி வச்சு தான் இக்னிஷன் டைமிங்கே செட் பண்றாங்க. மாட்டுனதும் பானெட்டுக்குள்ள இருக்குற டயக்னாசிஸ் பாக்ஸ்ல டிஇஎன், ஜிஎன்டி ரெண்டையும் ஒரு ஒயரால இணைச்சு டைமிங் லைட் அடிச்சு 10 டிகிரி இருக்கான்னு பாத்துடுங்க.

மேல கியர்ல கம்மி ஆர்பிஎம்ல ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது திக்கித் திக்கி இழுக்குதா? ஃப்யூவல் பம்ப்பு, கம்ப்யூட்டர்னு போகாதீங்க, மொதல்ல பிளக் ஒயர். ராத்திரி இருட்டுல பானெட்ட தொறந்து இன்ஜின ஓட விட்டீங்கன்னா சில சமயம் ஒயர்ல நீலமா பொறி பறக்குறது கண்ணுக்கே தெரியும், கைய மட்டும் வைக்காதீங்க. மல்டிமீட்டர் இருந்தா ஒவ்வொரு ஒயரா கழட்டி ரெசிஸ்டன்ஸ் பாருங்க, நீளமான ஒயர்ல ஜாஸ்தி காட்டுறது சகஜம், ரீடிங்கே வரலைன்னா அது செத்துடுச்சு. செட்டா மாத்திட்டு கூடவே பிளக்கும் மாத்திடுங்க, என்ஜிகே பிகேஆர்6இ-11, கேப் 1.1 மிமீ. காலைல ஸ்டார்ட் பண்ணதும் டிக் டிக்னு சத்தம் வந்து சூடானதும் நின்னுடுச்சுன்னா அது ஹைட்ராலிக் லிஃப்டர் (ஆயில் பிரஷரால வால்வு இடைவெளிய சரி பண்ற பாகம்), நல்ல ஆயில் மாத்தி ஒரு நீள ட்ரைவ் போங்க, அதுக்கெல்லாம் தூக்கம் கெடுத்துக்க வேணாம்.

டைமிங் பெல்ட் 60,000 மைலுக்கு ஒரு தடவ. இந்த இன்ஜின்ல பெல்ட் அறுந்தாலும் பிஸ்டனும் வால்வும் முட்டிக்காது, ரோட்டோரமா நின்னுடுவீங்க, அவ்ளோ தான். பெல்ட் கழட்டுற அன்னிக்கே வாட்டர் பம்ப், கேம் சீல், முன்பக்க கிராங்க் சீல் எல்லாத்தையும் முடிச்சிடுங்க, ரெண்டு தடவ லேபர் எதுக்கு. ஆரம்பகால 1.6 வச்சிருக்கவங்க மட்டும் கிராங்க் புல்லில எத்தன ஸ்லாட்டுன்னு எண்ணுங்க. நாலுன்னா ஷார்ட் நோஸ் கிராங்க் (முனை குட்டையான கிராங்க் ஷாஃப்ட்), எட்டுன்னா பிரச்சனையில்லாத டைப். நாலா இருந்து, ஐடில்ல ஓடும்போது புல்லி ஆடுற மாதிரி தெரிஞ்சா வண்டிய எடுக்காதீங்க, கிராங்க்ல புல்லிய நகராம பிடிக்கிற சின்ன உலோகக் கட்டை (கீ) உக்காருற பள்ளம் தேய ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம்.

ரேடியேட்டரோட மேல் டாங்க் கருப்பு பிளாஸ்டிக். அது பழுப்பா, ஒரு மாதிரி பச்சையா மாறியிருந்தா நாள் எண்ணிக்கிட்டு இருக்குன்னு வச்சுக்கோங்க, வெடிக்கிற வரைக்கும் காத்திருக்காம ஹோஸ், தெர்மோஸ்டாட்டோட சேத்து மாத்துங்க. இன்ஜினுக்கு பின்னாடி ஒளிஞ்சிருக்குற ஹீட்டர் ஹோஸ எல்லாரும் மறந்துடுவாங்க. இன்னொண்ணு, 1995க்கு அப்புறம் வந்த வண்டில ஆயில் பிரஷர் மீட்டர் சும்மா பேருக்கு தான், பிரஷர் இருக்கு இல்ல ரெண்டு தான் அதுக்குத் தெரியும், நடுவுல நிக்குதேன்னு நிம்மதியா இருந்துடாதீங்க.

கிளட்ச் மிதிச்சும் மொத கியர் விழ அடம் புடிச்சா கியர்பாக்ஸ் பக்கத்துல கிளட்ச தள்ளுற ஸ்லேவ் சிலிண்டரோட ரப்பர் பூட்ட லேசா ஒதுக்கிப் பாருங்க, ஈரமா இருந்தா அது தான். கியர் லிவர் பக்கம் சூடு அடிச்சா கீழ இருக்குற சின்ன ரப்பர் பூட் கிழிஞ்சிருக்கும்.

ஹேண்ட்பிரேக் மேல வரைக்கும் வந்தும் புடிக்கலைன்னா கேபிள முறுக்காதீங்க. கேபிள ஃப்ரீயா விட்டுட்டு, பின் காலிப்பருக்கு பின்னாடி ஒரு போல்ட் இருக்கும், அது வெறும் மூடி, கழட்டுனா உள்ள 4 மிமீ ஆலன் கீ போகும். சக்கரம் சுத்தாம நிக்குற வரைக்கும் க்ளாக்வைஸ் திருப்பிட்டு ஒரு சுத்துல மூணுல ஒரு பங்கு மட்டும் பின்னாடி வாங்க, கையால சுத்துனா சக்கரம் தடையில்லாம சுத்தணும். ரெண்டு பக்கமும் பண்ணிட்டு அப்புறமா கேபிளுக்கு வாங்க. அதுக்கும் மசியலைன்னா காலிப்பர் நகர்ற ஸ்லைடர் பின் இறுகியிருக்கும், கழட்டி சுத்தம் பண்ணி சிலிக்கான் கிரீஸ் போடணும்.

குளிர்காலத்துல டாப்ப எறக்குறதுக்கு முன்னாடி பின் ஜன்னல் ஜிப்ப தொறந்து பிளாஸ்டிக்க படுக்க வச்சுடுங்க, மடிச்சா வெடிச்சுடும். ஹெட்லைட் ஒண்ணு பாதியில கண்ணடிச்சுக்கிட்டு நின்னா ரிட்ராக்டர் (ஹெட்லைட்ட மேல கீழ தூக்குற மோட்டார்) ஃப்யூஸ கழட்டிட்டு, மோட்டார் மேல ரப்பர் மூடிக்கு அடியில இருக்குற குமிழ கையால திருப்புங்க, முழுசா மேல வந்துடும், அன்னிக்கு ராத்திரி வீடு போய் சேர அது போதும்.