காய்ச்சல் விட்டாச்சு, இனி பெரியவரை எழுப்பி நடக்க வைப்பது எப்படி?

கொரோனாவோ கடுமையான ஃப்ளூவோ வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பிய பெரியவரிடம் நாம் சொல்லும் முதல் வார்த்தை, "அசையாம படுங்க, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்". பாசம்தான். ஆனால் எழுபது வயதில் பத்து நாள் படுத்தாலே தொடைச் சதை கரைந்துவிடும், அப்புறம் பாத்ரூம் போகக்கூட ஆள் வேண்டும்.

எவ்வளவு நடக்கலாம் என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். வீட்டில் முதல் வேலை, சாப்பாட்டை உட்கார்ந்தே சாப்பிட வைப்பது. எழும்போது கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு ஓரிரு நிமிடம் இருக்கட்டும், சட்டென்று நின்றால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். பிறகு சுவரோடு ஒட்டிப் போட்ட கனமான மர நாற்காலியில் உட்கார்ந்து எழுவது (பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், சறுக்கும்), ஒரு தடவைக்கு நாலைந்து முறை, பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். பேசிக்கொண்டே செய்ய முடிகிற அளவு போதும். இன்று நன்றாக நடந்தவர் மறுநாள் துவண்டு கிடந்தால் நேற்று அதிகம் என்று அர்த்தம், குறைத்துவிடுங்கள், வீம்புக்கு நடக்க வைக்காதீர்கள்.

மூச்சு வாங்கினால் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, மூக்கால் இழுத்து உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 90க்குக் கீழே போனால் அன்றைக்கு நடை வேண்டாம், ஓய்வெடுத்தும் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரிதான். டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே கணக்கு.

வேலூர் வெயிலில் சித்திரை, வைகாசியில் விடிகாலை நடைதான் சரி. கோட்டை மைதானமெல்லாம் அப்புறம், இப்போதைக்கு வீட்டுத் திண்ணை போதும்.

வாரக்கணக்கில் வெறும் கஞ்சி கொடுப்பதை விடுங்கள். சதை திரும்பப் புரதம் வேண்டும்: 50 கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான், ஆகவே பருப்பு, தயிர், மீன், வேகவைத்த வேர்க்கடலை எல்லாம் சேர வேண்டும். கிட்னி கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டு. விழுங்கும்போது இருமல் வந்தால், முக்கியமாக வென்டிலேட்டரில் இருந்தவர் என்றால், உடனே காட்டுங்கள்.

பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக ஆள் இல்லையா? மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு நிலையம் 1966 முதல் இருக்கிறது. விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அதை வளர்த்தவர் டாக்டர் மேரி வர்கீஸ்.

நெஞ்சு வலி, திடீர்க் குழப்பமான பேச்சு, ஒரு காலில் மட்டும் வீக்கம், உதடு நீலம் பூப்பது, இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108க்கு அடியுங்கள்.